மழை இரவில் வேர்வை: இரண்டாவது முறை இறங்கிய சர்க்கரை பற்றிய நிகழ்வு ஆய்வு

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் உள்ள ஒரு நடுத்தர மருத்துவமனையின் பொது வார்டில் நடந்தது இது. நான் அந்த வார்டின் பொறுப்புச் செவிலியர். அன்றிரவு நான் டூட்டியில் இல்லை. கேஸ் ஷீட்டையும் செவிலியர் குறிப்புகளையும் சர்க்கரை சார்ட்டையும் வைத்து, பணியில் இருந்தவர்களிடமும் குடும்பத்தாரிடமும் பேசி இதைத் தொகுத்திருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

பின்னணி

நோயாளி 67 வயது அம்மா. கடலோரக் கிராமம். மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பல வருடங்களாக உண்டு. மாத்திரையைத் தவற விடாதவர் என்று மருமகள் பெருமையாகவே சொன்னார். இந்தப் பெருமைக்கு இந்த நிகழ்வில் ஒரு பங்கு இருக்கிறது.

ஐப்பசி மாதம், கந்த சஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள். வடகிழக்குப் பருவமழை இரண்டு நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. அம்மா வருடா வருடம் சஷ்டி விரதம் இருப்பவர். பகலில் தண்ணீர், ராத்திரி ஒரு டம்ளர் பால், சில நாள் ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான்.

மாலை 4.30: அவசரப் பிரிவு

மதியத்தில் இருந்தே படுத்த படுக்கையாக இருந்தவரை நாலு மணிக்கு எழுப்பியபோது பேச்சு குழறியது. யாரையும் அடையாளம் தெரியவில்லை. மகன் ஆட்டோவில் கொண்டுவந்தார். "ஸ்ட்ரோக்கா இருக்கும் சார், சீக்கிரம் ஸ்கேன் எடுங்க" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

அவசரப் பிரிவில் சரியாகச் செய்தார்கள். ஸ்கேனுக்குத் தள்ளுவதற்கு முன் விரலைக் குத்திப் பார்த்தார்கள். ஒரு டெசிலிட்டருக்கு 34 மில்லிகிராம். 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் மூளைக்குப் போதிய குளுக்கோஸ் கிடைக்காமல் நினைவு தடுமாறத் தொடங்கும். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி, அதாவது 25 கிராம் குளுக்கோஸ், நரம்பில் ஏற்றப்பட்டது. பத்து நிமிடத்துக்குள் அம்மா கண் திறந்து, "எங்கடா கொண்டாந்த என்னை?" என்று மகனைக் கேட்டார். பேச்சில் குழறல் இல்லை. கை கால் பலம் சரி. மறு அளவீடு 148.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1938-ல் வகுத்த மூன்று அடையாளங்கள் எல்லா நர்சிங் மாணவர்களுக்கும் தெரியும்: தாழ்சர்க்கரைக்குரிய அறிகுறி, அந்த நேரத்தில் குறைந்த அளவீடு, சர்க்கரை ஏற்றியதும் அறிகுறி மறைவது. இங்கே மூன்றும் இருந்தன. அதனால் நோய் கண்டறிதல் முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். சர்க்கரை இறங்கியிருக்கிறது என்பது உறுதியானது, சரி. எதனால் இறங்கியது என்ற கேள்வி பாக்கி இருந்தது. அதற்கான பதிலாகக் கேஸ் ஷீட்டில் இருந்தது இரண்டே வார்த்தை: "விரதம். சோர்வு."

மருந்து விவரம் என்ற கட்டத்தில் "சுகர் மாத்திரை, பிபி மாத்திரை" என்று இருந்தது. மகனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ரத்த மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, ஓர் இரவு பார்வையில் வைக்கலாம் என்று வார்டுக்கு மாற்றினார்கள். சர்க்கரையை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லி உத்தரவு.

மாலை 6 முதல் இரவு 9 வரை: எல்லாம் நன்றாகத் தெரிந்த நேரம்

வார்டுக்கு வந்தபோது அம்மா தெளிவாகப் பேசினார். மாலைப் பணிச் செவிலியர் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பி, செவிலியர் கண்டறிதலாக "உணவுக் குறைவால் சத்துக் குறைபாடு", "கீழே விழும் அபாயம்" என்று இரண்டு எழுதினார். இரண்டும் தவறில்லை. ஆனால் "சர்க்கரை மறுபடி இறங்கும் அபாயம்" அந்தப் பட்டியலில் இல்லை. அது இருந்திருந்தால் திட்டம் வேறு மாதிரி போயிருக்கும். கண்டறிதல் என்பது படிவத்தில் உள்ள ஒரு கட்டம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இரவு முழுக்க யார் எதை எத்தனை மணிக்கொருமுறை பார்க்கப் போகிறார்கள் என்பதை முடிவு செய்வது அந்தக் கட்டம்தான்.

அடுத்த மூன்று மணி நேரத்தில் சார்ட்டில் ஏறிய மூன்று பதிவுகளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதல் பதிவு: "இரவு 7.30. உணவு கொடுக்கப்பட்டது." கேன்டீனில் இருந்து நான்கு இட்லி வந்தது உண்மை. அம்மா அதைத் தொடவில்லை. மறுநாள் சூரசம்ஹாரம்; அதுவரை விரதத்தை முறிக்க மாட்டேன் என்று பால் மட்டும் குடித்தார். இட்லிப் பொட்டலம் பிரிக்காமலே லாக்கர் மேல் இருந்தது.

இரண்டாவது: "இரவு 8.00. சர்க்கரை 196." இந்த எண்தான் எல்லாரையும் நிம்மதியாகத் தூங்க வைத்தது. 34-ல் வந்தவர் 196-ல் இருக்கிறார், இனி என்ன பயம்? மகன் அந்த எண்ணைக் காட்டி, மழை வலுப்பதற்குள் வீட்டுக்கு அழைத்துப்போகிறேன் என்று கேட்டார். டூட்டி டாக்டர் மறுத்து, காலை வரை இருக்கச் சொன்னார். சில மணி நேரம் கழித்துத்தான் ஒரு விஷயம் தெரிந்தது. மாலையில் பார்க்க வந்த உறவினர் மயிலம் முருகன் கோயில் பஞ்சாமிர்தம் கொண்டுவந்திருந்தார். பிரசாதம் விரதத்தில் சேராது என்பதால் அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். அதே கையின் விரலைத்தான் கொஞ்ச நேரத்தில் குத்தினார்கள். ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் குத்தினார்கள். ஆனால் விரலில் ஒட்டிய பழச் சர்க்கரையை ஸ்பிரிட் முழுக்க எடுத்துவிடாது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தால்தான் போகும். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் எடுத்துக்கொள்ளும் ரத்தம் ஒரு சிறு துளி. அதில் விரலில் இருந்த இனிப்பு கொஞ்சம் கலந்தாலும் அளவு எகிறும். 196 முழுக்கப் பொய்யா, பாதி உண்மையா என்று இப்போது நிரூபிக்க முடியாது. நம்ப முடியாத எண் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

மூன்றாவது பதிவு உண்மையில் சார்ட்டில் ஏறவே இல்லை. இரவு 8.30-க்கு மருமகள், வீட்டில் கொடுப்பது போலவே, பையில் இருந்து ராத்திரி மாத்திரைகளை எடுத்துக் கொடுத்துவிட்டார். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை; கொடுக்க வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

9 மணி கை மாற்றத்தில் இரவுப் பணிச் செவிலியருக்குச் சொல்லப்பட்டது: "ஏழாம் பெட், தாழ்சர்க்கரை, இப்போ 196, சாப்பிட்டாச்சு, நல்லா இருக்காங்க, அடுத்தது ரெண்டு மணிக்குப் பார்க்கணும்."

இரவு 11.40: கவனித்தது

இரவுப் பணியில் இருந்தவர் பணியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆன செவிலியர். வார்டில் 22 நோயாளிகள், இரண்டு செவிலியர்கள். சுற்றி வரும்போது ஏழாம் பெட்டில் அம்மா ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு சீராக இருந்தது. போர்வையைச் சரி செய்யக் குனிந்தவரின் கை அம்மாவின் முதுகில் பட்டது. ரவிக்கை பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது.

அவர் என்னிடம் சொன்னது இது: "வெளியே மழை கொட்டுது. ஃபேனை நிறுத்தச் சொல்லி மூணு பேர் கேட்டுட்டாங்க, நிறுத்திட்டோம். எட்டாம் பெட் பாட்டி ரெண்டு போர்வை போத்திக்கிட்டு இருந்தாங்க. இவங்களுக்கு மட்டும் எப்படி வேர்க்கும்னு தோணுச்சு."

மே மாதமாக இருந்திருந்தால், கடலூர்க் கத்திரி வெயிலில், இந்த வேர்வையை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். தரையில் படுத்திருந்த மருமகளும் அதையேதான் சொன்னார்: "அவங்களுக்கு எப்பவும் கொஞ்சம் வேர்க்கும் சிஸ்டர்." செவிலியர் அந்தப் பதிலை ஏற்கவில்லை. பக்கத்துப் படுக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மதிப்பீடு என்பது நோயாளியை மட்டும் பார்ப்பதில்லை, அந்த அறையையும் பார்ப்பது.

அம்மாவைக் கூப்பிட்டார். "ம்" என்றார், கண் திறக்கவில்லை. தோளைத் தட்டியதும் திறந்தார். "அம்மா, நாம எங்க இருக்கோம்?" என்று கேட்டதற்கு, "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்றார். நாடி 56. ரத்த அழுத்தம் 138/80. மூச்சு 18. காய்ச்சல் இல்லை. ஆக்சிஜன் அளவு 97.

முடிவும் அதற்கான காரணமும்

இந்த இடத்தில் செவிலியரின் மனதில் ஓடியவற்றை அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன், ஏனென்றால் பாடமே இங்கேதான் இருக்கிறது.

வயதான சர்க்கரை நோயாளிக்குத் திடீரென வேர்த்தால் முதலில் இரண்டைச் சந்தேகிக்க வேண்டும்: சர்க்கரை இறக்கம், மாரடைப்பு. நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். மூன்றாவதாகக் கிருமித் தொற்று. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலும் டெங்குவும் இந்தப் பக்கம் வருவது வழக்கம். ஆனால் காய்ச்சல் இல்லை, அழுத்தம் நன்றாக இருக்கிறது. ஆகவே அது பின்னால் போகட்டும்.

சர்க்கரை இறங்கியிருந்தால் நாடி வேகமாக அடிக்க வேண்டுமே, 56 தானே இருக்கிறது? இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். அவருக்குக் கேஸ் ஷீட்டில் பார்த்த "பிபி மாத்திரை" ஞாபகம் வந்தது. அது அடினோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்தாக இருந்தால் படபடப்பையும் கை நடுக்கத்தையும் மறைத்துவிடும். வேர்வையை மறைக்காது, வேர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு வேலை செய்யும் விதம் வேறு. ஆக, நாடி மெதுவாக இருப்பது சர்க்கரை இறக்கத்துக்கு எதிரான ஆதாரம் இல்லை.

அடுத்த அளவீட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. உத்தரவில் இல்லாத நேரத்தில் ஒரு ஸ்ட்ரிப்பைச் செலவழிக்கலாமா என்ற தயக்கம் பல வார்டுகளில் உண்டு; அதை வெளியே யாரும் சொல்வதில்லை. அவர் தயங்கவில்லை. ஆனால் குத்துவதற்கு முன் விரலைப் பார்த்தார். பிசுபிசுத்தது. ஈரத்துணியில் சோப்புத் தொட்டுத் துடைத்து, மறுபடி தண்ணீரில் துடைத்து, காயவைத்து, முதல் துளியை வழித்துவிட்டு இரண்டாவது துளியை எடுத்தார்.

41.

வாயில் எதுவும் கொடுக்கவில்லை. அரைகுறை நினைவில் இருப்பவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். மருமகள் அதற்குள் பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், தடுக்க வேண்டியிருந்தது. மாலையில் போட்ட வென்ஃப்ளானை (நரம்பில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) சோதித்தால், புறங்கை லேசாக வீங்கியிருந்தது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் நரம்புக்கு வெளியே கசிந்தால் தசையைப் புண்ணாக்கிவிடும். அதை எடுத்துவிட்டு முன்கையில் பெரிய நரம்பாகப் பார்த்துப் புதிதாகப் போட்டு, சலைன் விட்டுச் சோதித்த பிறகே வார்டின் நிலையான உத்தரவுப்படி டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லியை மெதுவாக ஏற்றினார். கூட இருந்த செவிலியர் ஈசிஜி எடுத்தார். மாரடைப்புக்கான மாற்றம் இல்லை; துடிப்பு மெதுவாக இருந்தது, அவ்வளவே.

15 நிமிடம் கழித்து 122. அம்மா தெளிந்துவிட்டார்.

மாத்திரைப் பை

மாலையில் அவசரப் பிரிவில் நடந்ததேதான் இப்போதும் நடந்தது: இறக்கம், டெக்ஸ்ட்ரோஸ், தெளிவு. இத்தோடு நிறுத்தி "டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால் விடியற்காலை மூன்றாவது முறையும் நடந்திருக்கும். செவிலியர் கேட்ட கேள்வி, சுமார் ஏழு மணி நேரத்தில் ஏன் இரண்டு தடவை என்பது. ஐந்து நாள் விரதத்தில் கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பு குறைந்திருக்கும், உண்மைதான். ஆனால் வெறும் விரதத்தால் மட்டும் பொதுவாக ஒருவருக்கு 34-க்கு இறங்காது. இன்சுலினை ஏதோ ஒன்று பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும்.

"ராத்திரி மாத்திரை போட்டாங்களா?" என்று மருமகளிடம் கேட்டார்.

"போட்டுட்டாங்க சிஸ்டர். எட்டரைக்கே குடுத்துட்டேன். அதெல்லாம் கரெக்டா போட்டுடுவாங்க."

"என்ன மாத்திரைன்னு காட்டுங்கக்கா."

மருமகள் ஒரு மஞ்சள் துணிப்பையை எடுத்துக் கட்டிலில் கொட்டினார். இரண்டு கட்டு மாத்திரைகள். ஒன்று ஊரில் மாதாமாதம் வாங்குவது: சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின், பிபிக்கு அடினோலால். இன்னொன்று மூன்று வாரத்துக்கு முன் கால் எரிச்சலுக்காகப் புதுச்சேரியில் ஒரு கிளினிக்கில் காட்டியபோது எழுதித் தந்தது: கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரு மாத்திரை, ஒரு வைட்டமின். புதுச்சேரி டாக்டர் பழைய மாத்திரை எதையும் பார்க்கவில்லை, அம்மாவும் கொண்டுபோகவில்லை. "அது சுகருக்கு, இது கால் எரிச்சலுக்கு" என்று வீட்டில் புரிந்துகொண்டு இரண்டையும் கொடுத்துவந்தார்கள்.

கிளிபென்கிளமைடும் கிளிமெபிரைடும் சல்ஃபோனைல்யூரியா என்ற ஒரே குடும்பம். கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பதுதான் இரண்டின் வேலையும். நோயாளி சாப்பிட்டாரா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. கிளிபென்கிளமைடின் வேகம் ஒரு நாள் வரை நீடிக்கும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அதற்கு மேலும். முதியவர்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

இந்த இடத்தில் செவிலியர் ஆய்வகத் தட்டைத் தேடிப் போனார். மாலையில் எடுத்த ரத்தத்தின் அறிக்கை இரவு 9 மணிக்கே வந்து கிடந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.1. விரதத்தில் தண்ணீரும் குறைவாகக் குடித்ததில், ஏற்கெனவே தேய்ந்த சிறுநீரகம் இன்னும் சுருண்டுவிட்டது. அடினோலாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேற வேண்டிய மருந்து. நாடி ஏன் 56-ல் நின்றது என்பதும் புரிந்துவிட்டது.

இரவு 12.20-க்கு டூட்டி டாக்டரிடம் அவர் பேசியதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்:

"சார், ஏழாம் பெட் அம்மா. 11.40-க்கு சுகர் 41, வேர்வை, குழப்பம். டி25 100 மில்லி குடுத்தேன், இப்போ 122, தெளிவா இருக்காங்க. ரெண்டு சல்ஃபோனைல்யூரியா சேர்த்துப் போட்டிருக்காங்க, கடைசி டோஸ் இன்னிக்கு ராத்திரி எட்டரைக்கு இங்கேயே போட்டிருக்காங்க. கிரியேட்டினின் 2.1. ராத்திரி எதுவும் சாப்பிடல. எட்டு மணி ரீடிங் விரல்ல பஞ்சாமிர்தம் இருந்தப்போ எடுத்தது, அதை நம்ப வேண்டாம். திரும்ப இறங்கும்னு நினைக்கிறேன். டி10 ஓடவிட்டு மணிக்கொருமுறை பார்க்கலாமா? நீங்க வந்து ஒருமுறை பாத்தா நல்லது."

டாக்டர் வந்தார். 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், மணிக்கு 75 மில்லி. மணிக்கொருமுறை சர்க்கரை. எல்லாச் சர்க்கரை மாத்திரைகளும் அடினோலாலும் நிறுத்தம்.

அதிகாலை: திட்டம் சரியா என்று பார்த்தது

1 மணிக்கு 109. 2 மணிக்கு 83. இரண்டுமே 70-க்கு மேல். சார்ட்டை எண் எண்ணாகப் பார்ப்பவர் "இயல்பு" என்று எழுதிவிட்டுப் போவார். செவிலியர் மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தார். 122, 109, 83. டி10 ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்குகிறது. இதே போக்கில் போனால் மூன்று மணிக்கு அறுபதுக்குப் பக்கம் வரும். எட்டரைக்குப் போட்ட மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கிறது. தவிர, இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது ஏற்றுகிற குளுக்கோஸே கணையத்தைத் தூண்டி இன்னும் இன்சுலினை வரவழைக்கும். டெக்ஸ்ட்ரோஸை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் இந்தச் சுழலில் இருந்து வெளியே வர முடியாது.

எண் 70-க்குக் கீழே போகும் வரை காத்திருக்காமல், 2.10-க்கு மறுபடி டாக்டரை அழைத்தார். மூத்த மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு, இன்சுலின் சுரப்பையே அடக்கும் ஆக்ட்ரியோடைடு 50 மைக்ரோகிராம் தோலடியில் போடலாம் என்று முடிவானது. ரத்த வாந்தி நோயாளிகளுக்காகத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் அந்த மருந்து இருப்பு இருந்தது. 2.40-க்கு ஊசி போட்டாயிற்று. டெக்ஸ்ட்ரோஸ் மணிக்கு 100 மில்லி ஆனது. வயதானவர், சிறுநீரகம் சரியில்லை, திரவம் ஏறுகிறது. ஆகவே மூச்சு, ஆக்சிஜன், சிறுநீர் அளவு மூன்றையும் மணிக்கணக்கில் எழுதத் தொடங்கினார்.

3 மணிக்கு 79. 4 மணிக்கு 96. 5 மணிக்கு 118. 6 மணிக்கு 131.

மூன்றாவது இறக்கம் வரவில்லை.

நர்சிங் செயல்முறை என்றதும் மதிப்பீடு, கண்டறிதல், திட்டமிடல், செயல்படுத்தல், மதிப்பாய்வு என்று மாணவர்கள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். அமெரிக்கச் செவிலியர் அறிஞர் இடா ஜீன் ஆர்லாண்டோ 1961-ல் இதன் அடித்தளத்தை எழுதியபோது, நோயாளியின் நடத்தையைப் பார்த்துச் செவிலியர் எதை நினைக்கிறார், அந்த நினைப்பு சரியா என்று எப்படிச் சோதிக்கிறார் என்பதுதான் மையமாக இருந்தது. 1973-ல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் தன் தரநிலைகளில் சேர்த்த பிறகு அது கட்டங்களாகவும் படிவங்களாகவும் உலகம் முழுக்கப் போனது. படிவத்தின் கடைசிக் கட்டமான மதிப்பாய்வைத்தான் நாம் ஷிப்ட் முடியும்போது அவசரத்தில் நிரப்புகிறோம். இந்த இரவில் அந்தக் கட்டம் மணிக்கொருமுறை திறந்தது; தேவைப்பட்டபோது திட்டத்தை மாற்றியது.

அடுத்த நாட்கள்

காலையில் முக்கியமான வேலை மருந்தில் இல்லை, விரதத்தில் இருந்தது. சூரசம்ஹாரம் முடியாமல் சாப்பிட மாட்டேன் என்று அம்மா உறுதியாக இருந்தார். "உயிர் முக்கியமா, விரதம் முக்கியமா" என்ற வழக்கமான மிரட்டல் வேண்டாம் என்று செவிலியர்களிடம் சொன்னேன். அப்படிக் கேட்டால் சிலர் விரதம் என்றே பதில் சொல்வார்கள். விரதத்தில் எதெல்லாம் சாப்பிடலாம் என்று அவரிடமே கேட்டோம். பால், பழம், அவல், தேங்காய் என்று அடுக்கினார். அவலும் பாலும் மூன்று மணிக்கொருமுறை சாப்பிட ஒப்புக்கொண்டார். மாலையில் மருமகள் கைப்பேசியில் சூரசம்ஹாரத்தைக் காட்டிய பிறகு சோறு சாப்பிட்டார்.

டெக்ஸ்ட்ரோஸ் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 30 மணி நேரத்தில் நின்றது. நிறுத்திய பிறகும் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தோம்; இந்த மருந்துகளால் இறங்கியவர்களைச் சீக்கிரம் அனுப்பக் கூடாது. கிரியேட்டினின் 1.5-க்கு இறங்கியது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.4 வந்தது. இந்த வயதில், இந்தச் சிறுநீரகத்தோடு, இவ்வளவு இறுக்கமான கட்டுப்பாடு தேவையே இல்லை. இரண்டு சல்ஃபோனைல்யூரியாவும் நிரந்தரமாக நிறுத்தப்பட்டன. மெட்ஃபார்மின் தற்காலிகமாக நின்றது. பிபிக்கு அடினோலாலுக்குப் பதில் அம்லோடிபின். நான்காம் நாள் வீட்டுக்குப் போனார். இரண்டு வாரத்தில் வெறும் வயிற்றில் 138. சிறுநீரகத்துக்காக அளவு குறைக்கத் தேவையில்லாத லினாகிளிப்டின் என்ற சர்க்கரை மாத்திரை தொடங்கப்பட்டது. அதன் பிறகு இறக்கம் இல்லை.

போகும் முன் மருமகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னோம். "சாப்பிடாத நாள்ல சுகர் மாத்திரை போடறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேக்கணும். புது டாக்டர்கிட்ட போனா பையோட போகணும்." இரண்டையும் சரியாகச் சொன்னார். அம்மா மட்டும், அடுத்த வருடம் சஷ்டி இருக்கலாமா என்று கேட்டார். ஒரு மாதம் முன்னால் வந்து காட்டுங்கள், மாத்திரையைப் பார்த்துச் சொல்கிறோம் என்றோம்.

வார்டில் மாற்றியவை

நிகழ்வு ஆய்வுக் கூட்டத்தில் ஒருவர், தாழ்சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு புதுப் படிவம் அச்சடிக்கலாம் என்றார். நான் எதிர்த்தேன். ஏற்கெனவே இருந்த படிவத்தில் எல்லாக் கட்டங்களும் நிரம்பித்தான் இருந்தன. "உணவு கொடுக்கப்பட்டது" என்பது பொய்யில்லை, அதனால் பயனில்லை, அவ்வளவுதான். இப்போது எவ்வளவு சாப்பிட்டார் என்று எழுத வேண்டும்: நான்கில் இரண்டு இட்லி, பால் மட்டும், ஒன்றுமில்லை, இப்படி. "சாப்பிட்டாங்களா?" என்று கேட்டால் "ஆச்சு" என்ற பதில்தான் வரும்; "என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்கச் சொல்லியிருக்கிறோம்.

வீட்டு மாத்திரைப் பையை அனுமதியின்போதே வாங்கி, எண்ணி, எழுதி, செவிலியர் மேசையில் வைத்துக்கொள்கிறோம். இதற்குக் குடும்பங்களிடம் எதிர்ப்பு இருக்கும் என்று நினைத்தோம். அப்படி எதுவும் இல்லை. சர்க்கரை இறங்கி வருபவர்களிடம் சல்ஃபோனைல்யூரியா, இன்சுலின் இரண்டில் எது என்று அவசரப் பிரிவிலேயே கேட்டாக வேண்டும், தெரியாவிட்டால் யாரையாவது வீட்டுக்கு அனுப்பி மாத்திரை அட்டையை எடுத்து வரச் சொல்ல வேண்டும் என்று மருத்துவர்களும் ஒப்புக்கொண்டார்கள். பதில் தெரியும் வரை மணிக்கொருமுறை அளவீடு. உத்தரவில் இல்லாத நேரத்தில் செவிலியர் சந்தேகப்பட்டு எடுக்கும் அளவீட்டுக்கு யாரும் கணக்குக் கேட்கக் கூடாது என்பதும் எழுத்தில் வந்தது. எனக்கு இது மற்றவற்றை விட முக்கியம்.

விரலைச் சோப்பால் கழுவும் விதி மட்டும் இன்னும் தள்ளாடுகிறது. பகலில் நடக்கிறது. ராத்திரியில், எழுந்து போக முடியாதவர்களுக்கு, மீண்டும் ஸ்பிரிட் பஞ்சுதான். ஒவ்வொரு ட்ரேயிலும் ஒரு சோப்புக் கரைசல் பாட்டில் வைத்தோம். அது அடிக்கடி காணாமல் போகிறது.

எங்களால் வார்டுக்குள் தீர்க்க முடியாத விஷயம் ஒன்றும் இருக்கிறது. கடலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு வைத்தியம் இரண்டு இடத்தில் நடக்கிறது. மாத மாத்திரை ஊரில். கொஞ்சம் முடியாமல் போனால் பஸ் ஏறிப் புதுச்சேரி. இடையில் 25 கிலோமீட்டர் கூட இல்லை, ஆனால் மாநில எல்லை இருக்கிறது, இந்தப் பக்கத்து மருத்துவ நோட்டை அந்தப் பக்கம் யாரும் பார்ப்பதில்லை. இப்போதைக்கு டிஸ்சார்ஜ் சம்மரியோடு தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுக்கிறோம். நிறுத்திய மாத்திரைகளின் காலி அட்டையை அதில் ஒட்டி, குறுக்கே சிவப்புக் கோடு போட்டுத் தருகிறோம், படிக்கத் தெரியாதவர்களும் அட்டையின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்பதால். மருந்துக் கடைக்காரர் வேறு கம்பெனி அட்டையைக் கொடுத்தால் இந்த வழி உதவாது. அதற்காக மருந்தின் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் அதன் கீழே எழுதுகிறோம்.